தார்ப்பாய்க்குப் பின்னால்

காசிமேட்டில் விடியற்காலை மூணரை.
கவிழ்த்த ஐஸ் பெட்டி மேல் நின்று
எத்திராசு ஏலம் விடுகிறான்.
வஞ்சிரம் கூடை நாலாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு...
குரல் மட்டும்தான் அவனுடையது.

பின்னால் நீலத் தார்ப்பாய்.
அதற்கும் பின்னால் மங்கத்தாயி,
கையில் உடைந்த துடுப்பின் பிடி.
பெட்டியில் ஒரு தட்டு: விலை ஏறும்.
இரண்டு தட்டு: தொண்டை கிழியக் கேட்டாலும்
அந்தக் கூடை உனக்கில்லை.
இத்தனை இரைச்சலில்
அது அவன் பாதத்துக்கு மட்டும் கேட்கும்.

ஐஸ் உடைக்கிற நேரம் போக
நான் குரூப் ஃபோருக்குப் படிக்கிறேன்.
பட்டுத்திரைக்குப் பின் அமர்ந்து
பிள்ளை அரசன் வாயால் பேசிய பேரரசி,
ஒரே ஒரு வரி.
அவளுக்கு முதுகு வலித்ததா, கொட்டாவி வந்ததா,
எதுவும் போடவில்லை.

போன வெள்ளி எத்திராசுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
"நீயே ஏறேன் தாயி" என்றார்கள்.
வெளியே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள்.
"ஏறுனா எவன் வேணா எறக்கிடுவான்.
டேய் ஐஸு, நீ ஏறு."

ஏறினேன்.
சந்தை முழுக்க என் வாயைப் பார்த்தது.
வாய் திறந்தே இருந்தது,
உள்ளங்கால் சில்லிட்டு,
தட்டுக்குக் காத்துக்கொண்டு.