இழைமணி

இருபத்திரண்டு ஆண்டுகள் மின்தூக்கி பழுதுபார்த்தவன்.
ஈசூனில் என் கை படாத புளோக் குறைவு.
கதவு மூடும், விளக்கு எரியும், பொத்தான் ஒளிரும்,
பெட்டி மட்டும் நகராது.
அந்தக் கோளாறுக்கு எங்கள் பதிவேட்டில் ஒரு எண் உண்டு.

என் உடம்புக்கு அது வந்தபோது
எண் கிடைக்க ஆறு ஆண்டுகள்.
அதுவரை சோம்பல் என்றார்கள், மனசு என்றார்கள்,
"கொஞ்சம் நடங்களேன்" என்றார்கள்.

நொவீனாவில் ஆய்வுக்கூடம்.
ஒப்புதல் படிவம் பதினான்கு பக்கம், தமிழிலும் இருந்தது.
நாலாம் பக்கத்தில் 'இழைமணி' என்றொரு சொல்.
"கொடியில கோக்கிறதா?" என்றார் அம்மா.
தாதி அஸ்லிண்டா சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன்:
செல்லுக்குள் இருக்கும், உண்டதைச் சக்தியாக்கும்,
அதற்கென்று தனியாக ஒரு மரபுச் சங்கிலி,
பதினாறாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்பது எழுத்து,
தாயிடமிருந்து மட்டுமே வரும்.

அந்த 'மட்டுமே'யில் அம்மா நின்றுவிட்டார்.
குழாயில் எச்சில் துப்பச் சொன்னார்கள்.
வாய் உலர்ந்துபோய் வெகுநேரம் வரவில்லை.
டாக்சியில், பீஷான் தாண்டியபின் கேட்டார்:
"அப்ப என்னாலயா?"

இல்லை என்று சொல்லும் அளவுக்கு
யாருக்கும் இன்னும் தெரியாது.
இல்லை என்றேன்.

பிறகு மிதிவண்டி. முகத்தில் மூடி, நெஞ்சில் கம்பிகள்.
மறுநாளும் அதே வண்டி, அதே ஆள்,
திரையில் எண் கீழே இறங்கியிருந்தது.
அவர்களுக்கு அது மகிழ்ச்சி, மறைக்கப் பார்த்தார்கள்.
எனக்கும்தான்:
முதன்முறையாக ஒரு இயந்திரம் என்னை நம்பியது.

மூன்றாம் நாளை யாரும் அளக்கவில்லை.
மூன்றாம் நாள் திரைச்சீலைக்குப் பின்னால் கிடந்தேன்.
பல் தேய்க்கும் பிரஷ் கனத்தது.
ஒன்பதாம் நாள் வரை அப்படியே.

பங்கேற்பாளர் குழு என்று ஒன்று வைத்தார்கள்.
ஏழு பேர், காணொளியில், பாதிப்பேர் படுத்தபடி.
ஏதும் யோசனை உண்டா என்றார் டாக்டர் லியாவ்.
நான் சொன்னேன்: பாரம் ஏற்றிச் சோதித்தால்
மறுநாள் கயிற்றைத் தொட்டுப் பார்ப்போம், அதற்கடுத்த நாளும்.
நீங்கள் ஏறும்போது மட்டும் பார்க்கிறீர்கள்.
வெளிச்சம் ஆகாமல் இருட்டில் இருந்த திருமதி பெரெய்ரா
ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பினார்:
"வந்து போவதே சோதனைதான். அதை யார் எழுதுவது?"

டாக்டர் லியாவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
வெகுநேரம் மாட்டவேயில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புதிய படிவம்.
ரத்தம் எடுக்க இனி வீட்டுக்கே வருவார்கள்.
கடைசிப் பக்கத்தில், மூன்றாம் நாள் தொடங்கி, காலிக் கட்டங்கள்.

முடிவும் வந்தது, அதை முடிவு என்று சொல்லலாமானால்.
ஓரிடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
பொருள் இன்னும் தெரியாத மாற்றம்.
அம்மாவிடமும் அதே இடத்தில் அதே எழுத்து.
அவருக்கு எழுபத்தொன்று.
விடிகாலை ஐந்துக்கு எழுந்து
உணவங்காடி நிலையத்தில் தட்டு எடுக்கப் போகிறார்.
"அப்ப எனக்கு ஏன் வரல?" என்றார்,
என் பங்கையும் தானே தின்றுவிட்டவரைப் போல.

மகள் யாழினிக்கு அவள் அம்மாவின் இழைமணி.
என்னுடையது என்னோடு நின்றுவிடும்.
இதைக் கேட்டதும் மூச்சு விட்டேன்,
அப்புறம் ஏனோ கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

எங்கள் குழாய்கள் இரண்டும்
உறைகுளிரில் பக்கம் பக்கமாக இருக்கின்றன.
இருபது ஆண்டு வைத்திருக்கக் கையெழுத்து போட்டிருக்கிறோம்.

நேற்று மூன்றாம் நாள்.
கட்டம் சிறியது. 'பிரஷ் கனத்தது' என்று எழுதினேன்.
அஸ்லிண்டா தொலைபேசியில் அழைத்தார்:
கணினி எண்தான் கேட்கிறது, பூச்சியத்திலிருந்து பத்துக்குள்
இதற்கு என்ன போடட்டும்?
தெரியலையே என்றேன்.
சற்று நேரம் தட்டச்சு ஓசை கேட்டது, பிறகு நின்றது.
சரி, அப்படியே இருக்கட்டும் என்றார்.