ஆறைக் கவிழ்த்தால்

எங்கள் டீம் முதலாளிக்கு
முதுநகரில் இறால் ஏற்றுமதி.
ஜெர்சி முதுகில்
ஆட்டக்காரன் பெயரைவிடப் பெரிதாய் ஓர் இறால்.
சம்பளம் இரண்டு மாதம் பாக்கி.

ஸ்கோர் பலகை என் பொறுப்பு.
ஒன்பதாம் எண் தகடு தொலைந்துவிட்டது,
ஆறைக் கவிழ்த்து மாட்டுவேன்.

நாங்கள் அறுபத்தெட்டு.
நெய்வேலிக்காரர்கள் ஒன்று கூட.
மிச்சம் நான்கு விநாடி.
மூன்று கைகளுக்கு மேலே
சவரிநாதன் எறிந்தான்.

கரண்ட் போனது.

மஞ்சக்குப்பமே மூச்சடக்கிக் கேட்டது:
வலை ஒருமுறை உரசிய சத்தம்.
இல்லை, கெடிலத்துக் காற்றோ?

ஜெனரேட்டர் இருமி இருமி
விளக்கு வந்தபோது
பந்து தரையில் உருண்டுகொண்டிருந்தது.
ரெஃப்ரி என்னைப் பார்த்தார்,
நான் முதலாளியை.
அவர் போனில் ஐஸ் விலை பேசிக்கொண்டிருந்தார்.

பூஜ்ஜியத்தை அக்குளில் இடுக்கி
ஏழைக் கையில் பிடித்தபடி
நிற்கிறேன்.