பரிசீலனை

சுங்காய்க்கு வந்த பெட்டியில் பதினொரு நாவல்கள்.
ஒன்றுக்கு மட்டும் கூட்டம் போட்டோம்.
தொண்ணூற்று நான்காம் பக்கத்தில்
ஒரு பிள்ளைக்கு நாள் தள்ளிப்போகிறது.

"படிவம் இரண்டுக்கு இதெல்லாம் எதுக்கு, டீச்சர்?"
பெற்றோர் சங்கத்துச் சன்னாசி
படித்துப் பார்த்துச் சொல்வதாக
லோரிச் சாவியோடு கொண்டுபோனார்.

ஆறு வாரம்.
நாளைக்கு இருபது சென் அபராதம்.
நான் கேட்கவில்லை.

படிவம் இரண்டில் மார்ச்சிலிருந்து ஒரு நாற்காலி காலி.
பதிவேட்டில் 'இடமாற்றம்' என்றிருக்கிறது,
என் கையெழுத்தில்.

நேற்று வந்தார்.
செம்பனை ஆலையின் எடைச்சீட்டு
முப்பதாம் பக்கத்தோடு நின்றிருந்தது.
நூற்று அறுபதில்
ஒரு நீல ஹேர்பின்.

"இன்னும் முடியல, டீச்சர்" என்றார்,
புத்தகத்திலிருந்து கையெடுக்காமல்.
தேதி முத்திரையைத் தேடினேன்.
மை காய்ந்திருந்தது.
இரண்டு முறை அழுத்திக் குத்தினேன்.