அன்னத்தின் கழுத்து இருக்குமிடம்

இரவுக் காவல் எனக்கு.
டார்ச் ஒன்று, பேரேடு ஒன்று,
தீயணைப்பு நிலையத்தில் கடன் வாங்கிய மழைக்கோட்டு.
சிலோயே தீவில் மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை,
மூச்சைப் பற்றிப் பேசாத மாதிரி.

கடலோரப் புல்வெளியில் பதினேழு சிற்பங்கள்.
எல்லாம் நாங்கள் எறிந்தவை,
அல்லது கடல் எங்கள் முகத்தில் திருப்பி எறிந்தவை.

டயர்களால் ஒரு கடற்சிங்கம்.
வெயிலில் அது வெறும் டயர்.
நனைந்ததும் தோல் வந்துவிடுகிறது.
மீன்கடை நாய் முதல் நாள் முழுக்க அதைக் குரைத்தது,
இரண்டாம் நாள் அதன் வயிற்றடியில் படுத்துக்கொண்டது.

ஆலையின் ரப்பர் கையுறைகளால் ஒரு பெண்.
எல்லாம் இடக்கை.
வலக்கையெல்லாம் எங்கே என்று கேட்டான் ஒரு பொடியன்.
'இன்னும் ஷிஃப்ட் முடியல' என்றாள் ஒர்தென்சியா,
பன்னிரண்டு வருஷம் அங்கே மீன் அறுத்தவள்.

நிதியா கார்காமோ செய்தது கருங்கழுத்து அன்னம்.
உடம்புக்கு நானூறு வெள்ளை பாட்டில்கள்,
கழுத்துக்கு சால்மன் பண்ணையில் தீனி போகும் கறுப்புக் குழாய்.
அந்த ஒரு வளைவுக்காகப் பதினோரு நாள்
வெந்நீர் ஊற்றி வளைத்தாள்.

இரண்டாம் இரவு வடக்கிலிருந்து புயல்.
சாவடிக்குள் ஒதுங்கினேன்.
தூங்கவில்லை.
சரி, கொஞ்சம் தூங்கினேன்.

காலையில் அன்னத்துக்குக் கழுத்தில்லை.
தகரக் குதிரைக்கு ஒரு முழங்கால் இல்லை; அது கதவுக் கீல்.
'தொடாதீர்கள்' என்ற பலகையையும்
யாரோ தொட்டு, தூக்கி, கொண்டுபோய்விட்டார்கள்.

அன்னத்தின் தோளில் ஒரு சீட்டு, பாட்டிலுக்குள் நனையாமல்:
'குழாய் வெடித்துவிட்டது. பன்றிக்குத் தண்ணீர் இல்லை.
ஞாயிறு தருகிறேன். அழகாக இருந்தது.
பால்தொமேரோ.'

இருந்ததாம்.
நிதியாவுக்கு அந்தச் சொல்லின் மேல்தான் கோபம்.

குழு கூடியது. போலீஸ் என்றார் ஒருவர்.
பன்றி என்றார் இன்னொருவர்.
நிதியா எழுந்து மேட்டில் ஏறினாள்,
பேரேட்டோடு நான் பின்னால்.

வேலியைத் தாண்டிக் கொட்டிலுக்குள் இறங்கியது
அவள் வளைத்த அதே வளைவு.
உள்ளே ஓடைத் தண்ணீர்;
திரும்பும் இடத்தில் ஒரு சின்னக் களுக்.
கீழே ஒரு புள்ளிப் பன்றி கண் மூடிக் குடித்தது.
பால்தொமேரோ தொப்பியைக் கழற்றினார்,
பிறகு, கிழங்கு வெந்திருக்கும், சாப்பிடலாம் என்றார்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
'என்கிட்ட இருந்தப்ப இது விழுங்கல' என்றாள்.

சாயங்காலம் அன்னத்தின் கீழ் புது அட்டை:
கழுத்து, பால்தொமேரோ கொட்டிலில்.
மேட்டில் ஏறி இடப்பக்கம்.
பன்றிகள் தூங்கும் நேரம் தவிர்க்கவும்.

அதன்பின் பேரேடு என் சொல் கேட்கவில்லை.
கீல், அமாந்தா மன்சியாவின் வாசலில், இரண்டு முறை ஆட்டிப் பார்க்கலாம்.
பலகை, கோழிக்கூட்டின் கூரையில், எழுத்து உள்பக்கம்;
கோழிகள் மட்டும் படிக்கின்றன.

ஞாயிறு படகில் வந்தவர்கள்
வரைபடத்தோடு ஊரெல்லாம் சேற்றில் அலைந்தார்கள்.
எது சிற்பம், எது வீடு என்று தெரியாமல்
என் சித்தப்பாவின் ஓடாத டிராக்டரைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள்.
அவர் திருத்தவில்லை.
தலைப்பு என்ன என்று கேட்டபோது மட்டும்
'கிளட்ச்' என்றார்.

சொன்னபடி பால்தொமேரோவும் வந்தார்.
பழையதைக் கழற்ற மனமில்லாமல் ஒரு புதுக் குழாயோடு.
புதுக் குழாய் வளைய மறுத்தது.
அன்னம் இப்போது வானத்தைப் பார்த்து நிற்கிறது,
மழை நேராக உள்ளே விழுகிறது.

கையுறைப் பெண்ணிடமிருந்து யாரும் எதுவும் எடுக்கவில்லை.
கடைசி இரவு, ஆலைப் பேருந்து போன பிறகு
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
விலாவருகே ஒரு வலக்கை.
செதில் ஒட்டியிருந்தது.
விரல்களுக்குள் இன்னும் வெதுவெதுப்பு.

சாலையில் யாருமில்லை.
பேரேட்டில் காணாமல் போனவைக்குத்தான் பத்தி உண்டு,
வந்தவைக்குக் கிடையாது.
பேனாவை மூடினேன்.