கையைப் பழக்குதல்

காலையில் மணலிப் பக்கக் காற்று
அழுகிய முட்டையாய் வீசினால்
பயிற்சியை ஒரு மணி நேரம் தள்ளிவைப்போம்.
எனக்கே தலை வலிக்கிற நாற்றத்தில்
மூக்கால் பிழைக்கிறவர்களை
வேலை வாங்குவது பாவம்.

இரண்டும் ஸ்பேனியல். பத்து மாதம்.
பதிவேட்டில் வேறு பெயர்.
கேன்டீன் மாஸ்டர் வைத்ததுதான் நிலைத்தது:
மிளகு, திப்பிலி.
ஏற்கெனவே இருந்தவன் சுக்கு என்பதால்
அவர் ரொம்ப யோசிக்கவில்லை.

மிளகுக்கு ஹாரன் ஆகாது.
யார்டில் பெட்டி தூக்கும் வண்டி ஒருமுறை அலறினால்
என் இரண்டு காலுக்கு நடுவே
அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது.
திப்பிலிக்கு எல்லாம் ஆகும்.
காசிமேட்டுக் காக்கை தவறவிட்ட
காரப்பொடித் தலையைக் கண்டால்
கடத்தலாவது கஸ்டம்ஸாவது.

சுக்குவுக்கு ஒன்பது முடிந்துவிட்டது.
படியேறும்போது பின்னங்கால்கள்
தனித்தனியாக யோசிக்கின்றன.
ஆனால் பெட்டி வரிசைக்குள் விட்டால்
தரைக்கு ஒரு விரற்கடை மேலே மூக்கு,
நான்காவது, ஐந்தாவது, திரும்பி நான்காவது,
உட்கார்ந்துவிடுவான்.
குரைக்க மாட்டான், கீற மாட்டான்.
உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.
அவன் உட்கார்ந்ததற்கு
என் பெயரில் மூன்று சான்றிதழ்.

போன வியாழன் யூனுஸ் சொன்னான்:
"எதுல இருக்குன்னு இன்னிக்கு உனக்குத் தெரியாதுக்கா.
எனக்கும் தெரியாது. வச்சது வேற ஆளு."

பன்னிரண்டு பெட்டி.
மரியாதைக்குச் சுக்குவை முதலில் விட்டோம்.
ஒன்பதைத் தாண்டினான்.
பன்னிரண்டையும் தாண்டினான்.
வரிசை முடிந்த வெயிலில் நின்று
என்னைப் பார்த்தான்.
ரேஷன் கடைச் சன்னலில் கார்டை நீட்டிவிட்டு
பெயர் இருக்கிறதா இல்லையா என்று
பார்ப்பார்களே, அப்படி.

அடுத்து திப்பிலி
மீனுக்காக ஒரு சுற்று, எனக்காக ஒரு சுற்று,
ஒன்பதில் உட்கார்ந்தான்.
மிளகு நடுங்கிக்கொண்டே வந்து
ஒன்பதில் உட்கார்ந்தாள்.

அன்றிரவு தூங்கவில்லை.
இடம் தெரிந்தபோதெல்லாம்
அந்தப் பெட்டி வரும்போது என் மூச்சு நின்றிருக்கும்.
வாரைப் பிடித்த கை அரை அங்குலம் தளர்ந்திருக்கும்.
மூக்கு போன பிறகு
சுக்கு பாடத்தை மாற்றிக்கொண்டிருக்கிறான்.
பெட்டியை விட்டுவிட்டு என்னை முகர்ந்திருக்கிறான்.

அது எப்போதிலிருந்து?
நிஜமான பெட்டிகள் வந்த நாட்களில்
எனக்கு எதுவும் தெரியாது.
கைக்கும் தெரியாது.
ஏழு மாதமாக 'ஒன்றுமில்லை' என்று
நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியவை
எந்தெந்த ஊரில் திறந்தனவோ.

எழுதிக் கொடுத்துவிட்டேன்,
அதிகாரிக்கு, ஒன்றரைப் பக்கம்.
பதில் இன்னும் வரவில்லை.

இப்போது பயிற்சி எனக்குத்தான்.
யூனுஸ் தன் மகள் கொலுசைக் கொண்டுவந்து
என் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டான்.
வரிசை நெடுக நடக்க வேண்டும்.
சரியான பெட்டியருகே ஒரு மணி கிணுங்கினாலும்
குட்டிக்குப் பந்து இல்லை, எனக்கு டீ இல்லை.
முதல் நாள் நான் டீ குடிக்கவில்லை.
லாரி டிரைவர்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.
"இன்னாம்மா, டான்ஸ் கிளாஸா?"

சுக்கு என்னோடு வந்துவிட்டான்.
தண்டையார்பேட்டை, மூன்றாவது மாடி,
ஏறும்போது தூக்கிக்கொள்கிறேன்.
நேற்று பீரோ முன்னால் உட்கார்ந்தான்,
முதுகு நிமிர்த்தி, வேலைக்காரன் மாதிரி.
வார் இல்லை. என் கையில் பாத்திரத் துணிதான் இருந்தது.
திறந்து காட்டினேன்:
பட்டுப்புடவை இரண்டு, எல்.ஐ.சி. பத்திரம்,
பாச்சை உருண்டை.
எழுந்திருக்கவில்லை.

எதற்கு உட்கார்ந்தாய் என்று
கேட்காமல் பந்தை உருட்டினேன்.
அது கட்டிலுக்கடியில் போவதைக்
கண்ணால் பார்த்துவிட்டுத்தான்
பின்னால் போனான்.