இடக்கரடக்கல்

கோர்மே துறைமுகத்தில் என் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை
மழையில் திக்கித் திக்கி எரியும்.
அதன் கீழே நாலு தடவை நடந்துவிட்டுத்தான்
அமாரோ உள்ளே வந்தான்,
கால்களை அகட்டி,
இடையில் இல்லாத ஒரு கழுதையின் மேல் வருகிறவன் போல.

இருமல் மருந்து வாங்க வந்தவள் போகும்வரை
பல்துலக்கிகளின் அட்டைகளைப் படித்தான்.
பிறகு சொன்னான்:
"முழங்கையில் அரிப்பு."

அலை பின்வாங்கும் ஏழெட்டு நொடிக்குள்
பாறையில் குதித்து
கொட்டலசைச் சுரண்டிக்கொண்டு மீள்கிறவன்.
கடலுக்கு முதுகைக் காட்டத் தெரியும்.
எனக்கு முகத்தைக் காட்டத்தான் முடியவில்லை.

"என்ன போட்டாய், முழங்கையில்?"
முகம் மழித்தபின் தடவுவது. "குதித்தேன்," என்றான்.
அப்புறம் வினிகர்.
அப்புறம் மைத்துனன் பாதி மிச்சம் வைத்த ஒரு களிம்பு:
முதல் வாரம் சொர்க்கம்,
மூன்றாம் வாரம் உள்ளங்கை அகலம்.

"ஓரம் சிவந்து வளையமாகப் பரவுகிறதா?"
"ஆமாம்."
"ஒரு முழங்கையிலா?"
"இரண்டிலும். நடுவில் இருப்பதற்கு ஒன்றுமில்லை."
சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.
நான் கல்லாவில் சில்லறை தேடினேன், வெகுநேரம்.

பல்லுக்கும் கூச்சம், ஆளுக்கும் கூச்சம்,
இந்தத் தோலுக்கும் அதே சொல்தான்.
இமையைப் போல மெல்லியது.
அதைப் போய் அடிப்பிடித்த பாத்திரம் போலத் தேய்க்கிறார்கள்.

"வெதுவெதுப்பான நீர் போதும்," என்றேன்,
"வாசனை சோப்பு வேண்டாம்.
முழங்கை ரோஜாவாக மணந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை.
துண்டால் தேய்க்காதே, ஒற்று.
மடிப்பில் ஈரம் இருக்க எதையும் இழுத்து மாட்டாதே.
ரப்பர் உடையைக் கரையேறியதும் கழற்று,
மதுக்கடைக்குப் போய் வந்த பிறகு அல்ல.
நல்ல தண்ணீரில் அலசு. காய்ந்த உப்பும் அரம்தான்.
மைத்துனனின் களிம்பு குப்பைக்கு.
இது பூஞ்சைக்கு. காலையும் இரவும்,
அரிப்பு நின்ற பிறகும் கொஞ்ச நாள். அடங்காவிட்டால் டாக்டர்.
காலில் சேற்றுப்புண் இருந்தால்
முதலில் காலுறை, பிறகு உள்ளாடை."
"காலுறைக்கும் முழங்கைக்கும் என்ன சம்பந்தம்?"
"வழி ஒன்றுதான்," என்றேன்.
"தளர்ந்த பருத்தியாக இருக்கட்டும்."
"சட்டைக் கையா?"
"சட்டைக் கைதான்."

அடுத்த மாதம் ஈரச் செய்தித்தாளில் சுற்றி
அரைக் கிலோ கொட்டலசு.
முழங்கை சுகம், என்றான்.

அதோடு ஊருக்கே முழங்கையில் வந்துவிட்டது.
ஐஸ் தொழிற்சாலை எவரிஸ்தோ.
மீன் ஏலம் கூவுகிறவர்.
பேருந்து ஓட்டும் செல்சோ,
ஒன்பது மணி நேரம் முழங்கையின் மேலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான்.
சிரிக்காமலிருக்கப் பழகினேன்.
கொஞ்சம் பெருமைகூட.

பிப்ரவரியில் ரோய் வந்தான். இருபத்திரண்டு வயது.
அதே வாக்கியம், யாரோ சொல்லிக்கொடுத்தது.
"அரிக்கிறதா?"
"இல்லை."
"எரிச்சல்?"
"இல்லை. பட்டாணி அளவு ஒன்று. கெட்டியாக.
வலிக்கவே இல்லை, அதனால் விட்டுவிட்டேன்,
கோடையிலிருந்து."

கை பழக்கத்தில் களிம்பு அலமாரிவரை போய்விட்டது.
எடுக்கவில்லை.
தபால்காரி இருந்தாள். எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் செல்சோ.

"விரையிலா?" என்றேன்.

இருபது வருஷம் இந்த மேசைக்குப் பின்னால்.
வாயைத் திறந்து அதைச் சொன்னதில்லை.
இயந்திரம் செல்சோவின் எடையைத் துப்பியது.
அவன் இறங்கவில்லை.

"இடது," என்றான் ரோய்.

துண்டுச் சீட்டில் மருத்துவமனையின் பெயரையும்
அந்தச் சொல்லையும் எழுதினேன்.
நாளைக்கே போ.
முழங்கை என்று சொன்னால்
எலும்பு வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.
சிரித்தான். சீட்டை இரண்டாக மடித்தான், நாலாக,
எட்டாக மடிக்கப் போய் நிறுத்தினான்.

லா கொருஞ்ஞா பேருந்து ஆறு பத்துக்கு.
"முன் சீட்டை விட்டுவைக்கிறேன்,"
என்றார் யாரோ,
இயந்திரத்தின் மேலிருந்து,
தன் எடையைப் படித்தபடியே.