அங்கே பீஸ் எவ்வளவு

தமுனா என்றுதான் சொன்னாள்.
பதிவேட்டில் யமுனா என்று எழுதிக்கொண்டார் இந்திராணி மேடம்.
மறுநாளே பிள்ளைகளுக்கு யமுனக்கா ஆகிவிட்டாள்.

பள்ளிப்பட்டில், அரிசி மில்லுக்குப் பின்னால்,
கால் வளைந்த பிள்ளைகள் நடை பழகும் எங்கள் மையத்துக்கு
சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் வேலை செய்ய வந்தவள்.
எந்த ஊரு என்றார்கள்.
ஜார்ஜியா.
அமெரிக்காவா?
இல்லை, இது வேறே.
ஓ, அந்த ஜார்ஜியாவா!
அங்கே பீஸ் எவ்வளவு?

கஜபதி டீக்கடையில் கேட்டார்கள்.
சொட்டு மருந்து போட வந்த நர்ஸ் கேட்டாள்.
தாலுகா ஆபீஸில் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தவர்
திறந்தபடியே கேட்டார்,
நீட்டில் நூற்றி நாற்பது, சேர்த்துக்கொள்வார்களா?

அங்கே மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த ஜாடிகளில்
திராட்சை புளிக்கிறது.
கடைத்தெருவில் தெலுங்கு போர்டைத் தூரத்தில் பார்த்து
தன் ஊர் எழுத்து என்று ஒரு நிமிஷம் ஏமாந்துபோனாளாம்,
அப்படி உருண்டு சுருண்ட எழுத்து.
இதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும்.
ஊருக்கு அது ஆறு வருஷம்,
வருஷத்துக்கு நாலு லட்சம்,
ஹாஸ்டல் தனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரி ரோட்டில் கூட்டிப்போனேன்.
இதுதான் பார்டர் என்றேன்.
எது என்றாள்.
ஒரு பச்சை போர்டு, ஒரு புளியமரம்,
இந்தப் பக்கம் பஞ்சர் கடை,
அந்தப் பக்கம் மாங்காய் மண்டி.
போர்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள்.
திரும்பி வந்தாள்.
மறுபடி போனாள்.
"இன்னாமா, எதுனா தொலைச்சிட்டாங்களா?"
என்றான் பஞ்சர் கடைக்காரன்.
வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பா பிறந்த வீடு ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றாள்.
பாலத்தில் துப்பாக்கி நிற்கிறது என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.
சென்னைக்குப் போனால் என்னைத் தெலுங்கு என்பார்கள்,
நகரிக்குப் போனால் அரவம் என்பார்கள்.
அதைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
பக்கத்தில் வைக்கிற அளவுக்கு
அது ஒன்றும் பெரிதில்லை.

முனிரத்தினம் மட்டும் பீஸ் கேட்கவில்லை.
அவருக்குத் தெரியும்.
எட்டுப் பவர்லூம் வைத்திருந்தார், இப்போது ஐந்து.
மகளைப் பாயில் படுக்கவைத்துவிட்டு
போனை எடுத்துக் காட்டினார்.
பனியில் மகன்,
காதுவரை கோட்டு,
மூக்கும் சிரிப்பும் மட்டும் வெளியே.
"நீ கேட்டுச் சொல்லும்மா,
அங்க நம்ம பசங்கள எப்படிப் பாக்குறாங்க?"

இங்கிலீஷில் கேட்டேன்.
தமுனா அந்தப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்திருந்தாள்.
எண்ணிக்கையை விடவில்லை, தமிழில்தான் எண்ணுவாள்,
அஞ்சு, ஆறு.
நடுவில் தாழ்ந்த குரலில் சொன்னாள்:
என் அம்மா மாடி அறையை வாடகைக்கு விடுகிறாள்.
கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள்,
இந்த வீட்டில் கடுகு தாளிக்கக் கூடாது.
பஸ்ஸில் அந்தப் பையன்களுக்குப் பக்கத்து சீட்
கடைசிவரை காலியாகவே வரும்.
நானும் நின்றுகொண்டு போயிருக்கிறேன்.
ஏழு, எட்டு.

முனிரத்தினம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பனிப் படம் அவர் கையில் இருட்டி அணைந்தது.

"நல்லா பாத்துக்குறாங்களாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார்,
போனைச் சட்டைப் பையில் போட்டு
மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

தமுனா ஒன்பதில் நின்றுவிட்டாள்.
முதல் வாரம் நான் சொல்லிக்கொடுத்த சொல் அது.
பஸ் ஏற்றிவிடும்போதெல்லாம் சொல்வேன்,
பாத்துக்கோ.

என்னைப் பார்த்தாள்.
அப்புறம், பத்து, என்று சொல்லிக்
காலை மெதுவாகக் கீழே விட்டாள்.